உழவாரமும் அவசரமும்



பணிவைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். பணிவைப் பேச மேடை ஏறுவதே சற்றுப் பணிவற்ற செயல்தான், பொறுத்தருள்க.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் சுவாமிகளுக்கு நாவுக்கரசர் என்று பெயர். ஆயினும் அவர் திருவுருவத்தில் நாம் காண்பது ஏடு அன்று, புல் செதுக்கும் உழவாரம். அந்தப் பணியை ஓடி ஓடிச் செய்ய முடியாது. குந்தியிருக்கவேண்டும், கண் நிலத்திலே நிற்கவேண்டும், ஒரு சாண் துப்புரவான பின்னரே அடுத்த சாண்.

திருப்பூந்துருத்தியில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே சொல்லியிருக்கிறார். ஞானசம்பந்தர் சிவிகையில் எழுந்தருளுகிறார். வயதில் மிக மூத்த அப்பர், கூட்டத்தினுள் ஒருவரும் அறியாமற் புகுந்து, சிவிகை தாங்குவோருடன் தாமும் தோள் கொடுக்கிறார். அப்பர் எங்குற்றார் என்று சம்பந்தர் வினவிய பின்புதான் கீழிருந்து விடை வருகிறது. சம்பந்தர் பதைத்து இறங்கி வணங்குகிறார். என் மனம் நிற்பது அந்த வினாவுக்கு முந்திய நேரத்தில். சம்பந்தர் கேளாதிருந்தால் அப்பர் வாய் திறந்திருப்பாரா? நாமாயின் சிவிகை நாலடி நகருமுன் இரண்டுமுறை செருமியிருப்போம்.

பிறரைச் சொல்வானேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரைச் சதயத்தன்று, அப்பர் குருபூசையிற் பேசுவதற்குச் சைக்கிளில் விரைந்துகொண்டிருந்தேன். நேரம் பிந்திவிட்டது. கோயில் வெளிவீதியின் நடுவே ஒரு முதியவர் குந்தியிருந்தார். மணி அடித்தேன், அசையவில்லை. "வழியை விடுங்கோ" என்று அதட்டினேன். "போங்கோ தம்பி" என்று ஒதுங்கினார். உள்ளே சென்று உழவாரத்தின் பெருமையை முக்கால் மணி நேரம் பேசினேன். நல்ல கரகோஷம்.

திரும்பும்போது உச்சி வெயில். அவர் அங்கேயே இருந்தார், பக்கத்தில் ஒரு சிரட்டையுடன்.

"என்ன ஐயா தேடுறியள்?"

"நெருஞ்சி முள்ளுத் தம்பி. கொடி ஏறப்போகுது. பெடியள் பிரதட்டை பண்ணேக்கை முதுகிலை குத்தும்."

சிரட்டை முக்கால்வாசி நிறைந்திருந்தது. நான் பேசியது அவருக்குத் தெரியாது, கேட்கவுமில்லை.

சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு நானும் குந்தினேன். அரை மணி நேரத்தில் நான் பொறுக்கியது ஒரு பிடிகூட இல்லை. அதற்குள் மூன்று தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். யாராவது என்னைக் காண்கிறார்களா என்று வீதியைப் பார்த்தது எத்தனை தரமென்று எண்ணவில்லை.