செத்த ராஜா பேரில் நாணயம்

(கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கிக் குமாஸ்தா. கையெழுத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பது என் பொழப்பு. கையெழுத்து சரியா இருக்கான்னு சொல்லிடுவேன். போட்ட கையை யார் பிடிச்சிருந்தாங்கன்னு காசோலையில் தெரியாது. வரலாறும் அப்படித்தான். இன்று நான் பேச வந்திருப்பது அப்படியொரு கையைப் பற்றி. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம்.

1759இல் அவருடைய தகப்பன் இரண்டாம் ஆலம்கீர் கொல்லப்பட்டார். மகனுக்குப் பட்டம் கிடைத்தது, டெல்லி கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் வெளியூரில் இருந்தபடியே பேரரசர்! அவத் நவாப், நிஜாம், மராட்டியர், ரோகில்லாக்கள், ஜாட்டுகள் என்று ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டார்கள். ஆனாலும் டெல்லி பாதுஷா பட்டத்தை ஒருத்தரும் ஒழித்துக்கட்டவில்லை. ஏன்? கொள்ளைக்கும் ஒரு பத்திரம் வேணும். பத்திரத்துக்கு ஒரு முத்திரை வேணும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவன் கம்பெனிக்காரன். 1764இல் பக்சாரில் ஜெயித்தான். 1765 ஆகஸ்டில் வங்காளம், பீகார், ஒரிசாவில் வரி வசூலிக்கும் திவானி உரிமையை அலகாபாத்தில் ஷா ஆலமிடம் கிளைவ் எழுதி வாங்கினான். பதிலுக்கு வருஷம் 26 லட்சம் ரூபாய். 1770இல் வங்காளத்தில் பஞ்சம். ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், வசூல் நிற்கவில்லை. பாதுஷா மராட்டியரோடு டெல்லிக்குப் போனதும் கம்பெனி நிறுத்தியது அந்த 26 லட்சத்தைத்தான்.

1788இல் குலாம் காதிர் என்ற ரோகில்லாத் தலைவன் அரண்மனைக்குள்ளேயே அவர் கண்களைப் பறித்தான். குருடான பிறகும் அவரையே சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். முத்திரை குத்தக் கண் எதற்கு?

அதற்கு முன்பே, 1784இல், பேஷ்வாவைப் பேரரசின் பிரதிநிதியாக்கி, அவர் பேரில் அதிகாரத்தை மகாதாஜி சிந்தியா எடுத்துக்கொண்டார். அந்தப் பேஷ்வாக்களோ சத்தாராவில் ஒரு சத்ரபதியைப் பெயருக்கு உட்கார வைத்துவிட்டுப் புனேயில் ஆண்ட பார்ப்பனர்கள். பொம்மைக்கு மேல் பொம்மை. கீழே? பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டத்தகாதவர் தம் காலடித்தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 1936இல் அம்பேத்கர் எழுதினார். அந்த மனுசனுக்கு டெல்லி பாதுஷா யாரு, சத்தாரா ராஜா யாரு? அவன் பார்த்த அரசாங்கம் அந்தத் துடைப்பம்தான்.

1803இல் கம்பெனிப் படை டெல்லியைப் பிடித்தது. கிழவருக்கு உதவித்தொகை கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டது. 1806இல் செத்தார். நாணயத்தில் சாகவில்லை. கல்கத்தாவில் அடித்த ரூபாயில் அவர் பேர், ஆட்சியாண்டு 19 என்று உறைந்துபோய் நின்றது. இங்கே சென்னையில் கம்பெனி அடித்த ஆற்காட்டு ரூபாயில் ஆலம்கீர் பேர். அவர் கொலையாகி ஐம்பது வருஷம் கழித்தும்! 1835இல் புது நாணயம் வந்தது. அதில் இங்கிலாந்து ராஜா தலை. பத்திரம் தேவைப்படாத நாள் வந்ததும் பேரையே எடுத்துவிட்டான்.

வரலாறு படிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். சிம்மாசனத்தில் யார் என்று கேட்டால் பாடப்புத்தகம் பதில் சொல்லிவிடும். முத்திரை யார் கையில், வசூல் யார் பைக்கு, துடைப்பம் யார் இடுப்பில்? இந்த மூன்றையும் நாம்தான் கேட்க வேண்டும்.