அமைதியான பிள்ளையும் ஆபத்துக் கணக்கும்

உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. புகையிலை, மது, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுதல், அடிதடி, பாதுகாப்பற்ற பாலுறவு ஆகியவற்றை ஆய்வாளர்கள் ஆபத்துச் செயல்கள் என்று ஒரே தலைப்பில் சேர்த்து ஆராய்கின்றனர். இவை தனித்தனியே வருவதில்லை. ஒன்றில் இறங்கிய பிள்ளை மற்றொன்றிலும் இறங்கும் வாய்ப்பு கூடுதல். ரிச்சர்ட் ஜெசரும் ஷர்லி ஜெசரும் 1977இல் வெளியிட்ட நூல் இந்தத் தொடர்பை விளக்கியது. அமெரிக்காவில் 1991 முதல் பள்ளி மாணவரிடம் இரண்டாண்டுக்கு ஒருமுறை இத்தகைய செயல்களைப் பற்றிக் கேட்டுக் கணக்கெடுக்கின்றனர்.

ஆபத்து என்னவென்று தெரியாமல் பிள்ளைகள் அதில் இறங்குவதில்லை. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. நண்பர்கள் அருகில் இருந்தபோது எல்லா வயதினருக்குமே துணிச்சல் கூடியது. வளரிளம் பருவத்தினருக்கு அது பெரியவர்களைவிட மிகுதியாகக் கூடியது. கேடுகளை மட்டும் பட்டியலிடும் அறிவுரை வகுப்புகள் பெரிதாகப் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் பருவம் பெரும்பாலும் இரண்டாகப் பிரிகிறது. படிப்பை விட்ட பையன் லாரிப் பட்டறைக்கோ, பள்ளிபாளையம் விசைத்தறிக்கோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கோ போகிறான். கையில் காசு, மூத்த ஆட்களின் சேர்க்கை, வீட்டுக் கண்காணிப்பிலிருந்து விடுதலை மூன்றும் ஒன்றாக வருகின்றன. ஆய்வாளர்களின் கேள்வித்தாள் இவனை எளிதில் பிடித்துவிடும்.

மற்றொரு பிள்ளை ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிக்குப் போகிறது. கோழிப்பண்ணை மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரார் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ப்ளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டாண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததுதான் அவற்றின் மீதான பெரிய புகார். 2017இல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2017-18 முதல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025-26இல் அந்தத் தேர்வு மீண்டும் நீக்கப்பட்டது. இடையில் கட் ஆஃப் கவலையின் இடத்தை நீட் பிடித்துக்கொண்டது. நெருக்கடி குறையவில்லை, தேர்வின் பெயர்தான் மாறியது.

இந்தப் பிள்ளை புகைப்பதில்லை, குடிப்பதில்லை, வண்டி ஓட்டுவதில்லை. கேட் பூட்டியிருக்கிறது. ஆபத்துச் செயல் கணக்கில் அதற்குச் சுழியம் விழும். ஆனால் அந்தச் சுழியம் நலத்தைக் காட்டுவதில்லை. ஆகவே உளச்சமூக நலத்தைத் தனியே அளக்க வேண்டியுள்ளது. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் மனக்கலக்கம், நடத்தை, கவனக்குறைவு, நட்பில் இடர், பிறருக்கு உதவும் குணம் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஓசையில்லாத பிள்ளையும் இதில் தென்படும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை 10-19 வயதினரிடையே நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த அக்குழு, தற்கொலை வீதம் லட்சத்துக்கு ஆண்பிள்ளைகளில் 58, பெண்பிள்ளைகளில் 148 என்று 2004இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது. வெளியே தெரியும் ஆபத்துச் செயல்களில் பையன்களே முன்னால் நிற்கிறார்கள்; உயிரிழப்பில் கணக்கு தலைகீழாக இருந்தது. ‘அடக்கமான பெண்’ என்ற நற்சான்று எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

மாற்று வழிக்கும் சான்று உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் பள்ளியிலேயே இருந்து நடத்திய திட்டம் மாணவரின் மனச்சோர்வையும் கேலிக் கொடுமையையும் வன்முறையையும் குறைத்தது; பள்ளிச் சூழலும் மேம்பட்டது. அதே திட்டத்தை ஆசிரியரிடம் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. 2018இல் வெளியான இம்முடிவை விடுதிப் பள்ளி நிர்வாகங்கள் படிப்பது நல்லது: மதிப்பெண் போடுபவரையே ஆறுதல் சொல்பவராகவும் நியமிப்பது போதாது.

ஒன்றிய அரசு 2014இல் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் மனநலத்தையும் போதைப்பொருளையும் தன் ஆறு பொருள்களில் சேர்த்துள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416; தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இந்த இரு எண்களையும் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதிவைத்து, வார்டனிடம் கேட்காமலே பிள்ளைகள் பேசுவதற்கு ஒரு தொலைபேசியும் வைக்க வேண்டும்.