பாசறைப் பெட்டிகளின் மறுவாழ்வு



விருத்தாசலம் என்றதும் இலக்கியம் பயின்றோர்க்குச் சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் நினைவுக்கு வருவார். ஊரார்க்கோ பழமலைநாதர் கோயிலும் பீங்கான் சூளைகளுமே முதலில் தோன்றும். இச்சூளைகளில் வெந்து வெளிவருவன பொம்மையும் அகலும் மட்டுமல்ல; வீட்டுச் சுவர்களில் மின்னோட்டத்தைத் தாங்கி நிற்கும் பியூஸ் கட்டைகளும் உண்டு. வெந்த மண் மின்சாரத்தைக் கடத்தாது. ஆண்டுகள் பல கடந்தாலும் அக்குணம் மாறாது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வானொலி ஏற்பிகளை இன்று மீட்டெடுப்போர் இந்த உண்மையை நன்கறிவர்.

ஊதியம் கருதாது, தேர்வெழுதி, அரசிடம் உரிமமும் அழைப்புக்குறியும் பெற்று வானலை வழியே உரையாடுவோரை ‘ஹாம்’ என்பர். தமிழகத்தில் இவ்வார்வத்திற்கு வயது அதிகம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தோற்றுவித்த சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இலேயே ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் 1927இல் அது ஓய்ந்தது. கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. 1930இல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. 1939இல் போர் மூண்டதும் ஆர்வலர்களின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. யாருடைய வாயை அடைத்ததோ அந்தப் போரே, மிகுதிப் பொருளாகத் தன் கருவிகளை அவர்கள் கைக்கே விட்டுச் சென்றது. வெளிநாட்டுக் கருவி வாங்க வசதியற்ற இந்திய ஆர்வலர்க்கு நெடுங்காலம் இவையே துணை. சென்னை மூர் மார்க்கெட்டு 1985இல் தீக்கிரையாகும்வரை, பழைய நூல் தேடுவோரும் பழைய வானொலி உறுப்புத் தேடுவோரும் அங்கே தோளுரசி நின்றனர்.

பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு வானூர்திகளில் இருந்தது ஆர்-1155. அமெரிக்க வானூர்திகளில் பறந்தது பி.சி.-348. கவசவண்டிகளுக்கென உருவான 19ஆம் எண் கருவியின் முகப்பு சிலவற்றில் ஆங்கிலத்தோடு ருசிய எழுத்துகளும் காணப்படும். சோவியத்து நாட்டிற்கு அனுப்புவதற்கென வட அமெரிக்காவில் செய்யப்பட்டவை அவை.

இத்தகைய பெட்டி கிடைத்தவுடன் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பவர் அதைக் கொன்றுவிடுவார். உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் காகிதத்தாலும் மெழுகாலும் ஆனவை ஈரம் குடித்து மின்கசிவு கொண்டிருக்கும். மின்பகுநீர் கொண்டவை உலர்ந்து போயிருக்கும். அவற்றின் வழியே கசியும் மின்னோட்டம் வால்வையும் மின்மாற்றியையும் எரித்துவிடும். ஆகவே முதல் வேலை அவற்றை மாற்றுவதே. பிறகு மின்னூட்டம்: பி.சி.-348 வானூர்தியின் 28 வோல்ட்டில் இயங்கியது. உயர்மின்னழுத்தம் தரும் சுழலியைக் கழற்றி, வீட்டு மின்சாரத்திற்கேற்ற மின்மாற்றி பொருத்த வேண்டும். இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம். அவசரக்காரர்க்கு ஏற்ற பொழுதுபோக்கு அன்று. இத்தனை பழுதுக்கு நடுவிலும் பீங்கான் வால்வுத் தாங்கிகளும் காப்பான்களும் பெரும்பாலும் துடைத்தாலே போதும் என்னும் நிலையில் இருக்கும்.

எவ்வளவு மாற்றலாம் என்பதில்தான் வழக்கு. போர் முடிந்த காலத்து ஆர்வலர் முகப்பில் துளையிட்டனர், புது அளவி பதித்தனர், வேண்டாதவற்றை வெட்டி எறிந்தனர். அவர்க்கு அது பண்டம், இன்றோ ஆவணம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் செல்லரித்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை. நல்ல மீட்பாளர் பழைய காகித மின்தேக்கியின் கூட்டைக் குடைந்து, புதியதை அதனுள் வைத்து மூடுகிறார். இதைப் போலி என்பாரும் உளர். அது பொருந்தாது. மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்காதபோதுதான் அது போலியாகும்.

மீண்ட கருவி காட்சிப்பொருளாக அலமாரியில் உறங்க வேண்டியதில்லை. விடியற்பொழுதில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் இந்திய ஆர்வலர் பேச்சு கேட்கும். இன்றைய ஒற்றைப் பக்கப்பட்டை முறைப் பேச்சு முதலில் வாத்துக் கத்தலாகவே ஒலிக்கும். மோர்சுக் குறியீட்டைக் கேட்பதற்கென உள்ளே அமைந்த அலைவியற்றியை இயக்கி, அலைவாங்கும் வலுவைக் குறைத்து, குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் வாத்து மனிதனாகும்.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, ஆர்வலர் பயணமாக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து வானலையில் செய்தி அனுப்பினர். அவர்களுடையவை புதிய கருவிகள். ஆனால் இரைச்சலுக்கிடையே ஒரு குரலைப் பிரித்தறியும் செவி, குமிழைத் திருப்பித் திருப்பிப் பழகியே வாய்க்கும். அத்தகைய பயிற்சி தரும் பெட்டிகளோ அலுமினிய விலைக்கும் செப்பு விலைக்கும் எடையில் போய்க்கொண்டிருக்கின்றன.

இவ்வூரார் ஒரு பெட்டியை உயிர்ப்பிக்க முனைந்தால், ஏரியலுக்கு ஏறத்தாழ இருபது மீட்டர் கம்பி தேவைப்படும். முனைகளில் முட்டை வடிவப் பீங்கான் காப்பான் கட்ட வேண்டும். நெகிழிக் கயிறு போதும் என்பர். அது வெயிலில் இற்றுவிடும். அம்முட்டையில் இரு கம்பிகளும் ஒன்றின் வளையத்துள் மற்றொன்றாகக் கோத்திருப்பதால், பீங்கான் உடைந்தாலும் ஏரியல் தரையில் விழாது.