சாதுவாகத் தெரியும் தண்ணீர்

அமெரிக்காவில் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். 1894-லிருந்து தேசிய விடுமுறை. சனி, ஞாயிறும் சேர்ந்துகொள்ள, கோடையின் கடைசிக் குளியலுக்குக் கடற்கரையில் கூட்டம் நெரியும். அங்கே ஆளை ஏமாற்றுவது பெரிய அலையல்ல. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாக, சற்றுக் கலங்கலாகத் தெரியும். 'இங்கே அலையே இல்லையே' என்று பிள்ளையை இறக்கிவிடுவோம். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியே அதுதான்! சில நேரம் அந்த நீரோட்டத்துக்கு நொடிக்கு 8 அடி வேகம். ஒலிம்பிக் நீச்சல் வீரராலேயே எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் அது ஆளை அமுக்காது, இழுக்கத்தான் செய்யும். மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், பிடி விட்டுவிடும். தெம்பில்லையா, மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். இன்னொன்று: இந்த விடுமுறை முடிந்ததுமே பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர் நாற்காலி காலியாகிவிடும். தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.