குறைவேண்டலும் முறைவேண்டலும்

(ஓசூர்ப் பகுதித் தமிழன்பர்களிடையே நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நிலத்தின் பெயர் படையெடுப்பால் மட்டுமே அழியும் என்று எண்ணுவோர், ஓசூரின் புறநகர்த் தெருக்களில் ஒருநாள் நடந்து பார்த்தல் வேண்டும். நேற்றுவரை கேழ்வரகும் அவரையும் விளைந்த புன்செய், இன்று மனைப்பிரிவாக மாறுகின்றது. அங்கே முதலில் நடப்படுவது மரமன்று, பெயர்ப்பலகை! அதன்மேல் 'லேஅவுட்' என்றும், 'என்கிளேவ்' என்றும், 'செகண்ட் கிராஸ்' என்றும் எழுதப்படுகின்றது. ஏரிக்கரைக்கு ஒரு பெயர் இருந்தது. புலத்துக்கு ஒரு பெயர் இருந்தது. நடுகல் நின்ற மேட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அத்தனையும் மனைவணிகர் அச்சிட்ட ஒரு வரைபடத்தின்கீழ் மறைந்து போகின்றன. எவரும் போர் தொடுக்கவில்லை. எவரும் மறுப்பெழுதவுமில்லை.

பலகையில் ஏறிய பெயர் பலகையோடு நிற்பதில்லை. அது வரிச்சீட்டில் ஏறும், நிலப்பத்திரத்தில் ஏறும், குடும்ப அட்டையில் ஏறும், குழந்தையின் பள்ளிச் சான்றிதழிலும் ஏறும். பத்தாண்டு கழித்து அதனை மாற்ற முனைந்தால், அத்தெருவில் வாழும் தமிழரே, "ஆவணம் அனைத்தையும் மாற்ற வேண்டுமே!" என்று தடுத்து நிற்பர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. காலத்தே செய்யாத வினைக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

ஓசூர் என்னும் பெயரே கன்னடத்திற் 'புதிய ஊர்' என்று பொருள்படுவது. கல்வெட்டுகளில் இவ்வூருக்குச் செவிடைபாடி எனும் பழம்பெயர் காணப்படுகின்றது. கல்லில் இருந்தமையால் அப்பழம்பெயரின் தடமாவது எஞ்சியது. இன்று மறையும் புலப்பெயர்களுக்கோ கல்லும் இல்லை, ஏடும் இல்லை. முதியோர் சிலரின் நினைவே அவற்றுக்கு எஞ்சிய இருப்பிடம்.

இந்நிலையில் தமிழர் கையிலுள்ள கருவி யாது? மேடை முழக்கமா? சுவரொட்டியா? அவையும் வேண்டும். ஆயினும் உள்ளாட்சி மன்றத்தின் பதிவேட்டில் ஏறுவது எழுத்து ஒன்றே. மேடையில் ஒரு மணிநேரம் முழங்கியவர், மறுநாள் ஒரு தாள் எழுதி மாநகராட்சி அலுவலகத்திற் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்காவிடின், அம்முழக்கம் காற்றோடு கலந்து போயிற்று என்பதே பொருள்.

அத்தாளுக்கு 'மனு' என்றும் 'விண்ணப்பம்' என்றும் பெயர் வழங்குகின்றது. தூயதமிழில் அதற்கு முறையீடு என்று பெயர். முறை என்பது நயன்மை. முறையிடல் என்பது அந்நயன்மையை நடத்துமாறு ஆள்வோரை அழைத்தல். முறை வேண்டி வருவோர் வேறு, குறை வேண்டி வருவோர் வேறு என்று பெரும்பாணாற்றுப்படை ஆசிரியர் பிரித்துக் காட்டுகின்றார். தமக்கு இல்லாததொன்றைப் பெற வருவோன் குறை வேண்டுவோன்; தமக்கு உரிய நயன்மையைக் கேட்க வருவோன் முறை வேண்டுவோன். முன்னவன் கொடையாளியின் முன் நிற்கின்றான். பின்னவன் கடமையுடையான் முன் நிற்கின்றான். உள்ளாட்சி மன்றத்தின் வாயிலில் தமிழர் நிற்கவேண்டிய நிலை பின்னதே.

இவ்வேறுபாடு சொல்லிலேயே வெளிப்பட்டு விடும். "தாங்கள் பெரியமனம் வைத்து, எங்கள் தெருவுக்கு ஒரு தமிழ்ப்பெயர் அருள வேண்டுகின்றோம்" என்று எழுதுவது குறைவேண்டல். "இத்தெருவுக்கு இன்னபெயர் சூட்டும் தீர்மானத்தை மன்றத்தில் முன்வைத்து, எடுத்த முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதுவது முறைவேண்டல். பின்னதில் பணிவுக்குக் குறைவில்லை. கூனல் மட்டுமே இல்லை.

முறையீடு எழுதுமுன் தெளிய வேண்டிய முதற்செய்தி, எந்த வாயிலைத் தட்டுவது என்பது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. அதற்கு 45 வட்டங்கள் உள. தெருவுக்குப் பெயரிடல், தெருப்பலகை நாட்டல், தன் அறிவிப்புகளையும் சீட்டுகளையும் தமிழில் வெளியிடல் ஆகியவை மாநகராட்சியைச் சார்ந்தவை. கடைகளின் பெயர்ப்பலகையோ தொழிலாளர் துறையின் பொறுப்பு. கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் அமைதல் வேண்டும் என்றும், பிறமொழி இருப்பின் அது தமிழுக்குக் கீழே இருத்தல் வேண்டும் என்றும் கூறும். தமிழ், ஆங்கிலம், பிறிதொரு மொழி ஆகியவை முறையே 5:3:2 என்னும் அளவில் அமையவேண்டும் என்பதும் ஆணை. நாட்டு நெடுஞ்சாலைப் பலகையோ நடுவணரசின் நெடுஞ்சாலை ஆணையத்தைச் சார்ந்தது. இம்மூன்றையும் ஒரே தாளில் எழுதி மாநகராட்சியிற் கொடுத்தால், "எம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று" என்னும் ஒருவரி விடையே வந்துசேரும். அவ்விடையை எழுதிய எழுத்தர்மீது சினந்து பயனில்லை. அதற்கு இடங்கொடுத்தது முறையீடே.

இரண்டாவது செய்தி, சான்று. "எங்குப் பார்த்தாலும் ஆங்கிலம்" என்பது புலம்பல். "இன்ன வட்டத்தில், இன்ன மனைப்பிரிவில், இத்தனைத் தெருக்களுள் இத்தனைக்குத் தமிழ்ப்பெயர் இல்லை, அவற்றின் பட்டியலும் ஒளிப்படமும் இணைக்கப்பட்டுள்ளன" என்பது சான்று. அதனோடு, முதியோரைக் கேட்டும் பழைய நிலப்பத்திரங்களைப் பார்த்தும் தொகுத்த பழம்பெயர்ப் பட்டியலும் இணைதல் வேண்டும். இப்பெயரை எடுத்துவிடுக என்று மட்டும் சொல்லி, எப்பெயரை இடுவது என்று சொல்லாத முறையீடு அரைகுறையானது.

நல்ல நோக்கமும் ஆயத்தமின்றேல் வீழும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு இயைய ஆங்கிலத்தில் எழுதுமாறு பிறந்த அரசாணை 2020 சூன் திங்களில் வெளிவந்தது. நோக்கம் நன்று. ஆயின் எழுத்துக்கூட்டலில் மலிந்த பிழைகளைப் பலரும் எடுத்துக்காட்டவே, அத்திங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அரசுக்கே இந்நிலை என்றால், ஒரு தெருவார் எழுதும் தாளுக்கு எத்துணை விழிப்பு வேண்டும்!

மூன்றாவது செய்தி, ஒரு தாளில் ஒரு வேண்டுகை. 1956-இல் ஈகி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அவர் முன்வைத்த வேண்டுகைகள் 12. நாட்டார் நெஞ்சில் நின்றதோ ஒன்றே: இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுக என்பது. 1967 சூலை 18-இல் சட்டமன்றம் அதற்குத் தீர்மானம் இயற்றியது. 1969 சனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்காக உயிரையே ஈந்த மண்ணில், ஒரு தெருப்பெயருக்காக ஒரு தாள் எழுதச் சோம்புவது தகுமா?

நான்காவது செய்தி மிக நுட்பமானது. எல்லைப் பகுதிக்கே உரியது. தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழியாகக் கொண்டோர் வழிவழியாக இங்கு வாழ்கின்றனர். அவர்கள் வந்தேறிகள் அல்லர், ஊரார். அவர்கள்மேற் காழ்ப்பைக் கொட்டும் முறையீடு தமிழுக்குப் பகையையே தேடித் தரும். தெருவுக்குக் 'கிராஸ்' எனப் பெயரிட்டது கன்னடமும் அன்று, தெலுங்கும் அன்று. ஆங்கிலம் உயர்வென மயங்கிய வணிகமே அதனைச் செய்தது. அவ்வணிகருள் தமிழரும் உளர் என்பதை மறைத்தல் ஆகாது. பழம்புலம் ஒன்றின் பெயர் 'அள்ளி' என்று முடிந்தால், அது அவ்வாறே நிற்கட்டும். அதுவும் இம்மண்ணின் நினைவே. புதிதாக இடும்பெயர் தமிழாக இருக்கட்டும். இவ்வாறு எழுதிய தாளில் கன்னடம் பேசும் முதியவரும் கையொப்பமிடுவார். அக்கையொப்பம் பத்துத் தமிழர் கையொப்பத்துக்கு நிகர். அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையிடும் உரிமையை எல்லார்க்கும் வழங்குகின்றது. அவ்வுரிமையைப் பிறர்க்கு மறுப்போர், பெங்களூருவில் வாழும் தமிழர்க்கு அதனை எம்முகத்தோடு கேட்பர்?

இனி, கொடுக்கும் முறை. படி ஒன்றில் அலுவலக முத்திரையும் நாளும் இட்டு வாங்குக. அஞ்சலில் விடுப்பதாயின் ஒப்புகை பெறும் வகையில் விடுக்க. ஆணையர்க்கு ஒரு படி, வட்ட உறுப்பினர்க்கு ஒரு படி கொடுக்க. தீர்மானத்தை நிறைவேற்றுவது மன்றமாகலின், உறுப்பினரை நேரிற் கண்டு பேசுதல் இன்றியமையாதது. சிற்றூர்களில் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊரவை கூடுகின்றது. நகரங்களில் வட்டக்குழுவும் பகுதியவையும் அமைக்க 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. நவம்பர் 1 எந்நாள்? 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள்! அன்று எல்லைப் போராளிகளின் படத்துக்கு மாலையிடுவோர், அதே நாளில் ஊரவையிற் சென்றமர்ந்து ஒரு தீர்மானம் கொணர்ந்தால், அதுவே அப்போராளிகட்குச் செய்யும் உண்மையான வணக்கம்.

விடை வாராதாயின்? சோர்தல் வேண்டா. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. "இன்ன நாளிற் கொடுத்த முறையீட்டின்மேல் எடுத்த நடவடிக்கை யாது?" என்று பத்து உருபா கட்டணத்துடன் கேட்டால், 30 நாளுக்குள் விடை தருதல் கடமை. தாராவிடின் மேல்முறையீடு உண்டு. அலுவலகத்தார் மறக்கக்கூடும், முறையிட்டவன் மறத்தல் கூடாது.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் போற்றிப் பேசாத தமிழ்மேடை இல்லை. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்தில், குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்த செய்தியைச் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றோர் பலர். கணக்குக் காட்டாதான் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது என்று அக்கல்வெட்டு விதித்ததை நினைப்போர் சிலர். கணக்குக் கேட்போர் இருந்தமையாலன்றோ அவ்விதி பிறந்தது! கேளாத ஊரில் எந்த விதியும் உறங்கும்.

ஆகலின், அன்பர்களே! இக்கூட்டம் கலைந்து வீடு செல்லும் ஒவ்வொருவரும் தம் தெருமுனைப் பலகையை ஒருமுறை நின்று படித்துப் பார்ப்பாராக. அண்டையில் வாழும் முதியவரிடம், "இவ்விடத்துக்கு முன்பு என்ன பெயர்?" என்று கேட்பாராக. அவர் சொல்லும் பெயரை அன்றே எழுதி வைப்பாராக. முறையீட்டின் முதல்வரி அதுவே.

தமிழ் வெல்க!