துக்கம் விசாரித்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



துக்கம் விசாரித்தல் நம்மவருள் தொன்றுதொட்டு வரும் நல்வழக்கு. விசாரம் என்னும் சொல்லுக்குக் கவலை என்றும் ஆராய்ச்சி என்றும் இரு பொருள் உண்டு. பிறர் கவலையிற் பங்குகொள்ளச் செல்லும் நாம், அவர் வாயிற்படியை மிதித்தவுடன் இரண்டாம் பொருளையே கைக்கொள்ளுகின்றோம். "என்ன நோய்? எத்தனை நாளாக? முன்னரே ஏன் வைத்தியரிடம் காட்டவில்லை?" என்று நியாயஸ்தலத்து வக்கீலைப் போல வினவுகின்றோம்.

இக்குற்றம் என்னிடத்தும் இருந்தது. சில ஆண்டுகட்கு முன் என் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் காலமாயினர். யான் சென்று, பலர் சூழ்ந்திருக்க, "தம்பி, அப்பாவுக்கு என்ன செய்தது?" என்று கேட்டேன். அவன் தன் தாயின் முகத்தை நோக்கினான். பின்பு தலைகுனிந்து, "மாரடைப்பு, ஐயா" என்றான். பதினாறாம் நாட் கருமம் கழிந்து பள்ளிக்கு வந்தவன், என்னைத் தனியே கண்டு, "ஐயா, அன்று தங்களிடம் பொய் சொல்லிவிட்டேன்" என்று கண்ணீர் வடித்தான். திருக்குறளில் வாய்மை அதிகாரத்தை அவனுக்குக் கற்பித்தவன் யான். அவனைப் பொய்யுரைக்கச் செய்தவனும் யானே. மெய்யான காரணத்தை அவன் கூறவில்லை, யானும் கேட்டிலேன்.

நிற்க. சட்டத்திற்கு உள்ள நயம் நமக்கும் வேண்டாவோ? இந்தியாவில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவர் தரும் மரணகாரணச் சான்று பதிவாளரிடம் சேர்கின்றது. ஆயினும், பதிவேட்டிலிருந்து எவர்க்கு நகல் கொடுப்பினும் மரணகாரணம் அதிற் காட்டப்படலாகாது என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு விதிக்கின்றது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தமோ, மருத்துவர் சான்றின் பிரதியொன்றை மிக நெருங்கிய உறவினர்க்கு அளித்தல் வேண்டுமென்கின்றது. அறிய வேண்டியவர் அறிக. ஏனையோர்க்கு அஃது உரியதன்று என்பதே இவற்றின் கருத்து.

மறைத்தல் எங்கும் தகுமோ எனின், தகாது. மருத்துவர்க்கும் பதிவாளர்க்கும் மெய்யே கூறல் வேண்டும். தொற்றுநோயாயின், உடனிருந்தார் அறிந்து தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும். நீரிழிவு, இருதய நோய், சிலவகைப் புற்றுநோய் ஆகியன குடிவழியாகவும் தொடரக்கூடுமாதலின், தக்க வயதில் அதனை அறிதல் மக்களுக்கு உரிமை. மரணத்தில் ஐயமுண்டாயின் போலீசாரிடம் ஒளித்தல் ஆகாது. இவையொழிய, ஊரார்க்கு விடை கூறும் கடன் எவர்க்கும் இல்லை. தற்கொலையாயினும், பிறர் இகழும் நோயாயினும், அவ்வீட்டார் வாய் திறவாதிருத்தல் வஞ்சனையன்று. தமக்காகத் தாமே பேச இயலாத ஒருவரின் மானத்தைக் காத்தலேயாம்.

ஆதலின் அன்பர்களே, துக்க வீட்டிற்குச் சென்றால் அருகில் அமருங்கள். இறந்தவரின் நற்குணம் ஒன்றைச் சொல்லுங்கள். வீட்டார் உணவு கொண்டனரா, குழந்தைகளின் பள்ளிச் சம்பளம் கட்டியாயிற்றா என்று விசாரியுங்கள். அவர் தாமே கூற முற்படின் பொறுமையாய்க் கேளுங்கள். கேட்டதை வாயிற்படிக்கு வெளியே கொண்டுசெல்லாதீர்கள். துக்கமுற்றோரும் பொய் புனைந்து வருந்த வேண்டா. "காலமாகிவிட்டார், அதைப் பற்றிப் பேசும் நிலையில் நாங்கள் இல்லை" என்று வீட்டார் ஒருவர் சொன்னாற் போதும்.

ஒரு சிறுவனைப் பொய் சொல்ல வைத்த அக்கேள்வி, இனி நம்மவர் வாயில் எழாதிருப்பதாக.