எலும்பின் வயதா, மாண்டோர் பெயரா?



செம்மணியைப்பற்றி உங்களுக்கு நாம் புதிதாகக் கூறவேண்டியதில்லை. ஒரு மாணவியின் கொலை வழக்கில் மரணதண்டனை பெற்ற இராணுவத்தினன், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என்று 1998இல் நீதிமன்றத்திலேயே சொன்னான். 1999இல் தோண்டினர்; 15 உடலங்கள் கிடைத்தன. பின்னர் கால் நூற்றாண்டு மௌனம். 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட மண் வெட்டியபோது எலும்புகள் தாமே வெளிவந்தன. அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். பள்ளிப்பையோடு ஒரு குழந்தை!

இவ்வெலும்புகளிடம் எதைக் கேட்பது? இங்கேதான் உலகத் தடயவியலாளர் பிரிந்து நிற்கின்றனர். 1996இல் பொஸ்னியாவில் தோண்டிய ஹேக் நீதிமன்ற நிபுணர், மாண்டோர் எவ்வினத்தவர், எவ்வாறு கொல்லப்பட்டனர், கைகள் கட்டப்பட்டிருந்தனவா என்பவற்றையே முதன்மையாக நாடினர். குற்றத்தை நிறுவ அது போதும், தாய்க்குப் போதுமா? ஆர்ஜென்டீனாவில் 1984 முதல் அமெரிக்க அறிஞர் கிளைட் சினோ பயிற்றிய இளைஞர்களோ, குடும்பத்தாரிடம் சென்று எந்தப் பல் உடைந்தது, எந்தக் கால் முறிந்தது என்று கேட்டுப் பெயரைத் தேடினர். கொன்றவனைக் காட்டாது எலும்பை மட்டும் தராதீர் என்று அகழ்வையே மறுத்த அன்னையரும் அந்நாட்டில் இருந்தனர். அவர்களை நாம் குறைகூறோம்.

மன்னாரில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சில மாதிரிகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுகூடம், அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019இல் அறிவித்தது. பலருக்கு அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. கரியக் கணிப்பை நாம் பழிக்கவில்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கரியம்-14ஐப் பெருக்கின. அதன்பின் வாழ்ந்தோர் எலும்பில் அச்சுவடு இருக்கும். ஆயினும் சில துண்டுகளின் வயது முழுப் புதைகுழியின் சரித்திரம் ஆகிவிடுமா?

மண்ணின் சாட்சியை விவசாயி அறிவான். ஒருமுறை வெட்டிய நிலம் பழைய அடுக்காகப் படியாது. குழியின் விளிம்பு நிறத்திலேயே தெரியும். அதனாலேதான் சிறு கரண்டியாலும் தூரிகையாலும் சுரண்டுகின்றனர். இயந்திரம் இறங்கினால் அந்த அடுக்கும் போம்.

2025 ஆகஸ்டில் சட்டைகளையும் செருப்புகளையும் காட்டி, அடையாளம் தெரிகிறதா என்று உறவினரைக் கேட்டனர். முப்பது வருடத்தின்பின் எவ்வாறு தெரியும்? குருதியோடு எலும்பின் மரபணுவை ஒப்பிடுவதே வழி. ஸ்ரெப்ரெனிச்சாவில் மாண்ட ஏறத்தாழ 8,000 பேரில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பெயர் பெற்றது இவ்வாறே. பெற்றோர் போனபின் சகோதரர் குருதியும் உதவும். ஆனால் அத்துணைத் திட்டமாகப் பேசாது. நம் தாய்மாரோ ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஆகவே, அகழ்வு முடியட்டும் என்று காத்திராது இப்பொழுதே மாதிரிகளைச் சேர்த்தல் வேண்டும். யார் சேர்ப்பது, யாரிடம் வைப்பது, அயல்நாட்டார் மேற்பார்வை எவ்வளவு என்பவற்றை இவ்வவையிலுள்ள சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் கலைந்து செல்லுமுன் பேசித் தீர்க்குமாறு கேட்கின்றோம்.